கண்ணாடிக் குவளைக்கு ஒரு வளையம்

3 பிப்ரவரி 1966, வியாழன்

மலைப்பாதையின் பதினேழாவது வளைவில் லாரி இன்றும் நின்றுவிட்டது. இந்த மிலிட்டரி லாரிக்கு மூக்கே கிடையாது. முன்னால் இரண்டே சீட்டு, நடுவில் எஞ்சின். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் குவளைக்குள் காற்றுக் குமிழி. காற்று புகுந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்துக் கிடக்கிறது. யுத்த காலத்துச் சாமான். சேலத்தில் போன வாரமே கேட்டேன். நான்கு கடையிலும் சிரித்தார்கள்.

முதலாளி அப்பாசாமி சொல்லிவிட்டார்: "பதினஞ்சாந்தேதி காயலான் கடைக்காரன் வாரான், வேலப்பா. அதுக்குள்ள மலையேறுனா சரி. இல்லீனா குடுத்துப்போடலாம்."

பட்டாளத்தில் கற்றது இந்த ஒரு வேலைதான். லாரி போனால் நானும் மலையை விட்டுப் போக வேண்டியதுதான். பயமாக இருக்கிறது.

5 பிப்ரவரி

டயர் டியூபில் வளையம் வெட்டி நேற்றுப் போட்டேன். இன்று காலை ஊறிய உளுந்து மாதிரி உப்பி வெளியே பிதுங்கி நிற்கிறது. ரப்பர் பெட்ரோலைக் குடிக்கிறது. அப்படியானால் பழைய வளையம் மட்டும் இத்தனை வருஷம் ஏன் குடிக்கவில்லை? அது வேறு ரப்பரோ?

6 பிப்ரவரி

மூன்று சீசாவில் பெட்ரோல். ஒன்றில் டியூப், ஒன்றில் தக்கை, ஒன்றில் என் பழைய பெல்ட்டுத் துண்டு. என் மனைவி ஆயம்மாள் சமையலை நிறுத்திவிட்டாள். "ஏனுங்க, இது ஊடா, பெட்ரோல் பங்கா?" சீசாக்கள் வெளியே போய்விட்டன. அவள் சொன்னது நியாயம்தான்.

9 பிப்ரவரி

தக்கை உதிர்கிறது. பெல்ட்டுத் தோல் உப்பவில்லை, ஆனால் விறைத்துவிட்டது. தோலில் இருந்த எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிட்டது போல. கரையாத எண்ணெய் என்று ஒன்று உண்டா?

11 பிப்ரவரி, வெள்ளி

காரவள்ளிக்கு இறங்கினேன். அர்த்தனாரி என்பவர் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மொள்ளும் பறியின் அடியில் குழாய் மாதிரி தொங்கும் தோல் தும்பியைப் பிடித்துப் பார்த்தேன். நாளெல்லாம் தண்ணீரும் வெயிலும் பட்டும் வெற்றிலை மாதிரி மடங்குகிறது. யார் தைத்தது என்றேன். மாரி என்று ஒருவர், ஊருக்கு வெளியே செருப்புத் தைக்கும் தெருவில்.

அங்கே போய் நான் மாரியை 'நீங்க' என்றதற்கே கூட வந்த அர்த்தனாரி முகத்தைச் சுளித்தார். மாரி பயந்தவர் போல மெல்லச் சொன்னார்: "வெளக்கெண்ணையைக் காய்ச்சி ஊறப்போட்டா தோலு சாகாதுங்க சாமி."

ஒரு சொட்டு வாங்கி, கையோடு கொண்டுபோன சீசாப் பெட்ரோலில் விட்டேன். அடியில் போய் முத்தாக உட்கார்ந்தது. ஆட்டினேன். கரையவில்லை. மாரியும் குனிந்து பார்த்தார். "இது ஏனுங்க கரையல?" என்றார். எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

13 பிப்ரவரி

விளக்கெண்ணெயில் ஊறிய தோலில் மாரி வெட்டிக் கொடுத்த வளையம் ஒரு நாள் முழுக்கப் பெட்ரோலில் கிடந்தது. அதே அளவு. அதே மென்மை!

15 பிப்ரவரி, செவ்வாய்

தோல் வளையத்தைப் பொருத்தி லாரியை நேற்றே கீழே இறக்கிவிட்டேன். இன்று காரவள்ளியில் உப்பு மூட்டை ஏற்றினோம். காயலான் கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்து இரும்பைத் தட்டிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலை ஏறும்போது குவளையை ஒருவர் பார்த்தபடியே வர வேண்டும், குமிழி வந்தால் வளையத்தை இறுக்க வேண்டும். அது வளையம் வெட்டிய கையால்தான் முடியும். மாரியை முன் சீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அவன் பின்னால ஏறிக்கட்டும்," என்றார் முதலாளி.

"பின்னால இருந்தா குவளை தெரியாதுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். காயலான் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பு மூட்டை மேல் ஏறினார். மாரி சீட்டின் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார்.

பதினேழாவது வளைவில் குமிழி வந்ததா என்று கேட்டேன். "இல்லீங்க, ஒண்ணும் வல்லீங்க," என்றார் மாரி. லாரி நிற்கவே இல்லை. உச்சியில் முதலாளி புழுதியோடு இறங்கினார். "லோடு நாள்ல எல்லாம் அவனை வரச்சொல்லு. கூலி குடுத்துரலாம்," என்று மட்டும் சொன்னார். லாரி விற்பனைக்கு இல்லை.

இரண்டு வருஷமாக இந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறேன். இன்றுதான் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

12 மார்ச், சனி

பத்தாவது லோடு. ஒரு குமிழி இல்லை. இனி அந்தக் குவளையை யாரும் பார்க்கத் தேவையே இல்லை. மாரி இப்போது நன்றாகச் சாய்ந்து உட்காருகிறார், வளைவுகளை எண்ணுகிறார்.

நான் முதலாளியிடம் சொல்லவில்லை. மாரியும் சொல்லவில்லை. முதலாளி இன்றும் மூட்டை மேல்தான் வந்தார்.