சீமைக்குப் போன சாவி

டார்பி, இங்கிலாந்து
14-12-1958

அன்புள்ள ராசாத்திக்கு,

நான் நலம். நீயும் நம் குழந்தை பொன்னுத்தாயும் நலமா? குளிரில் விரல் மடங்க மறுக்கிறது. எழுத்து கோணினால் சிரிக்காதே.

இங்கே நான் பயிற்சி எடுக்கும் ரயில் பட்டறையின் ஆட்கள் ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துப் போனார்கள். இருபுறமும் செடிவேலி, உறைபனியில் வெள்ளை பூத்த வயல்கள், பாதையெல்லாம் உறைந்த சேறு. போட்டி எதுவும் இல்லை. பேசிக்கொண்டே போய், ஒரு கிராமத்துக் கடையில் டீ குடித்துத் திரும்புவதுதான். முச்சந்தி வந்தால் எல்லாரும் இறங்கி நிற்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்புவார்கள். அந்தக் கடைசி ஆள் நான்தான்! எமிலி என்று அறுபது தாண்டிய அம்மாள், கம்பளித் தொப்பியோடு என்னை முந்திக்கொண்டு போகிறாள். பெண் ஓட்டுகிறாளே என்று யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

என் சைக்கிளைத் துடைத்து வை.

உன்
பிச்சமுத்து


பொன்மலை
2-1-1959

அன்புள்ள மாமாவுக்கு ராசாத்தி எழுதியது.

துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். பூட்டின சைக்கிளை வேறென்ன செய்ய? மைதானத்தில் நான் ஓட்டிப் பழகியதைப் பார்த்துவிட்டு, "லைன் வீடுகள்ல நாலு பேரு சிரிப்பாங்க" என்று பூட்டி, சாவியையும் சீமைக்கே கொண்டுபோனீர்கள். அந்த அம்மாள் ஓட்டினால் அங்கே அழகு, நான் ஓட்டினால் இங்கே அசிங்கமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பொன்னுத்தாய்க்கு ஜுரம் வந்தால் வலிப்பும் சேர்ந்து வருகிறது. "அடுத்த தடவை தாமதிக்காம தூக்கிட்டு வாம்மா" என்கிறார் டாக்டர். ஆண்களெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். சாவி இருந்தால் நான் ஓட்ட, பக்கத்து வீட்டு மஜீதா பிள்ளையோடு பின்னால் உட்காருவாள். தயவுசெய்து தபாலில் அனுப்பிவையுங்கள்.

உங்கள்
ராசாத்தி


டார்பி
20-1-1959

அன்புள்ள ராசாத்திக்கு,

உன் கோபத்தைப் படித்துச் சிரித்தேன். இந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. அவசரத்துக்கு ஒரு வண்டி கிடைக்காமலா போகும்? சித்திரையில் வந்துவிடுவேன். உங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நானே ஸ்ரீரங்கம் வரை மிதிக்கிறேன்.

போன வாரச் சவாரியில் எமிலி அம்மாள், "உன் மனைவி சைக்கிள் ஓட்டுவாளா?" என்று கேட்டாள். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "பிரமாதமாக ஓட்டுவாள்" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அத்தனை சந்தோஷம். உனக்கென்று ஒரு சைக்கிள் மணி வாங்கிக் கொடுத்தாள். பார்சலில் வருகிறது. பிள்ளைக்கு என் முத்தம்.

உன்
பிச்சமுத்து


டார்பி
16-2-1959

ராசாத்தி,

உன் அண்ணன் கொடுத்த தந்தி கிடைத்தது. நம்ப முடியவில்லை. கப்பலில் இடம் கேட்டு அலைகிறேன். என்ன நடந்தது என்று எழுது. சாவியை இதில் வைத்திருக்கிறேன். இனி எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

பிச்சமுத்து


பொன்மலை
8-3-1959

மாமாவுக்கு,

என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். அன்று மத்தியானம் பிள்ளைக்கு ஜுரத்தோடு வலிப்பு வந்தது. அம்மிக் குழவியால் பூட்டை அடித்தேன். கீறல் விழுந்ததே தவிர திறக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நான் களைத்தபோது மஜீதா வாங்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் உடம்பு துவண்டுவிட்டது. "இன்னும் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பாளா?" என்று கேட்டேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி முதலில் வந்தது. சாவி நேற்று வந்தது. பூட்டைத் திறந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிப் பார்த்தேன். லைனில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, மாமா! எனக்கு வேர்க்கக்கூட இல்லை.

எமிலி அம்மாளிடம் சொல்லுங்கள், நீங்கள் சொன்னது பொய்யில்லை என்று. மணியைப் பொன்னுத்தாயின் சட்டைகளோடு வைத்துவிட்டேன்.

சைக்கிளை மறுபடி பூட்டியாயிற்று. சாவி இதனுடன் வருகிறது. நான் திருவெறும்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அழைக்க வர வேண்டாம். முச்சந்தியில் கடைசி ஆளுக்காகக் காத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்காகக் காத்திருக்காதீர்கள்.

ராசாத்தி