ஏரிவீட்டில் வைத்த நிறைகுடம்

ஸ்காபரோ
16.10.1996

அன்பு மகள் துர்க்காவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் இடுப்பைத் தவிர, அது ஏன் என்று கீழே வரும். வன்கூவர் மழையில் நீ சளி பிடிக்காமல் இருந்தால் போதும்.

நீ விரும்பிய கெவினின் தாய் தகப்பனைப் போய்ப் பார்த்துவிட்டு, வைகாசியில் கலியாணம் வைக்க ஓமோ இல்லையோ என்று ஒரு சொல் எழுதச் சொல்லி ஆடியில் கேட்டிருந்தாய். நானும் வேலை, கார் பழுது என்று சாட்டுச் சொல்லி வந்தேன். தாங்ஸ்கிவிங் லீவுக்கு அவர்களே கூப்பிட்டுவிட்டார்கள், அதுவும் பீற்றர்பரோவில் இருக்கும் நல்ல வீட்டுக்கு இல்லை, ஏரிக்கரைக் கொட்டேஜுக்கு. இரண்டரை மணித்தியாலம் ஓடிப் போய்ப் பார்த்தால் பலகையால் அடித்த ஒரு கொட்டில். ஹீட்டர் இல்லை, விறகடுப்பு. வசதியான வீட்டைப் பூட்டிவிட்டுக் குளிருக்குள் வந்து விறகு கொத்துவதற்குப் பெயர் லீவாம். இலை நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் இந்த நேரம் வருகிறோம் என்றார் கெவினின் தகப்பன் கோர்டன். இங்கே எங்கள் வாசலில் விழுந்த இலையைப் பன்னிரண்டு பையில் கட்டி வைத்துவிட்டு, இன்னும் இலை பார்க்கப் பெற்றோல் அடித்துப் போயிருக்கிறேன், மடையன் யார் என்று நீயே சொல்.

பிறகு ஊரின் பழம்பெருமை காட்டக் கூட்டிப் போனார்கள். நூறு வருசத்துப் பள்ளிக்கூடத்தை மியூசியம் ஆக்கி, ஒரு அரிக்கன் லாம்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தொடாதே என்று எழுதியிருக்கிறார்கள். அந்த லாம்பில் படித்துத்தான் நான் எட்டாம் வகுப்பில் இரண்டு தரம் பெயிலானவன், அப்படிப் பார்த்தால் என்னையும் பெட்டிக்குள் வைக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். வைக்கட்டும், ஆனா தொடாதேயெண்டு எழுதத் தேவையில்லை, ஒருத்தரும் தொடமாட்டினம் என்றாள்.

அடுத்த நாள் விடிய கோர்டன் வீட்டுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தார். பனிக்காலத்துக்குப் பூட்டுகிறார்களாம், குழாயிலோ கேத்திலிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது, உறைந்தால் வெடிக்கும். படகு கட்டும் பலகைமேடையை ஏரியில் இருந்து இழுக்க நான் பெரிய வீரனாகக் கைகொடுத்ததில்தான் இடுப்புப் பிடித்தது. அந்த மனிசன் இருக்கிற தண்ணீரை எல்லாம் வெளியேற்றிக்கொண்டிருக்க, உன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேளாமல், சம்பந்தி வீட்டில் மங்கலமாக ஏதாவது வைக்க வேண்டும் என்று, கொண்டுவந்த பித்தளைச் செம்பில் ஏரித் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மாவிலைக்குப் பதில் ஐந்து மேப்பிள் இலையைச் சொருகி, தேங்காயும் ஏற்றி, வாசலுக்குள்ளே நிறைகுடம் வைத்துவிட்டாள். கோர்டன் கண்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். இது பிள்ளைகளுக்காக வைத்த தண்ணீர், கொட்டக் கூடாது என்று என் நொண்டி இங்கிலிஷில் சொன்னேன். தலையாட்டினார். உவருக்கு என்ன விளங்கப்போகுது, எங்கட கார் திரும்ப முன்னம் ஊத்தியிருப்பார் என்று வழி முழுக்க அம்மாவை நக்கலடித்துக்கொண்டே வந்தேன்.

நேற்றுப் பின்னேரம் போன் வந்தது. மனைவி மார்கிரட் கார் ஓட, கோர்டன் செம்பை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பீற்றர்பரோ வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாராம். செம்பு தளும்பித் தன் காற்சட்டை நனைந்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டார், தண்ணீர் கொஞ்சம் குறைந்துவிட்டதாம். இன்னும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். வைகாசியில் கலியாணம் முடியும்வரை என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்ல முதல் அவருக்குச் சொன்னதற்குக் கோபிக்காதே.

இரண்டு பேரும் ஒற்றுமையாக, குறைவில்லாமல் இருங்கள். ஒரு விசயம், அந்தத் தண்ணீரை வைகாசிவரை அப்படியே வைத்தால் நாறும். இடைக்கிடை மாற்றலாம் என்று சொல்ல எனக்கு அந்த நேரம் இங்கிலிஷ் வரவில்லை. நீ போன் எடுத்து கோர்டன் மாமாவுக்குச் சொல்லிவிடு.

உன் அப்பா,
வ. தியாகலிங்கம்