சேவலுக்கு வைத்த பேர்

உத்திரமேரூர்
20-4-78

பாண்டுரங்கனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை அம்முலுவும் சுகம். உன் சுகத்தைக் கேட்க இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை. பெங்களூர் கோழிப்பண்ணையில் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, நன்றாகத்தான் இருப்பாய்.

பொங்கலுக்கு வந்தபோது கால் விரல் வரைக்கும் இறகு முளைத்த சேவல் ஒன்றைக் கொண்டுவந்து விட்டாயே, அது சீமைச் சாதி, அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் என்றாய். தெருவில் பேன்ட் போட்ட சேவல் என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். உன் சித்தப்பாவுக்குக் காலெல்லாம் முடி என்று அதற்கு வேதகிரி என்று அவர் பேரையே வைத்து, நாலு பேர் எதிரில் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். அந்த மனுஷன் சேற்றில் இறங்கினால்கூட வேட்டியை மடித்துக் கட்டமாட்டார், ஏன் என்று உனக்குத் தெரியாதா? உன் அப்பா போன பிறகு தன் நிலத்துக்கு முன்னால் நம் நிலத்தை உழுதவர் அவர்.

மாசியில் மாகறலிலிருந்து அம்முலுவைப் பெண் பார்க்க வந்தார்கள். சித்தப்பாதான் அழைத்து வந்து உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நெல் காய்ந்தது. பக்கத்து வீட்டுச் செல்லாயி, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், "வேதகிரி நெல்லக் கொத்திக்கினு கீது, வெரட்டுடி" என்று கத்தினாள். மாப்பிள்ளையின் மாமன் எட்டிப் பார்த்துச் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். உன் சித்தப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியவர் ஏன் போனார், வீட்டுக்குள் என்ன சண்டை என்று கேட்டார்கள். கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினவர்களிடமிருந்து பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்முலு சாப்பிடாமல் கிடந்தாள். நான் போய் உன் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றேன். "உங்க வூட்டுல ரெண்டு வேதகிரி கீறாங்க அண்ணி, என்னை இன்னாத்துக்குக் கூப்பிடுறீங்க" என்றார். திரும்பி வந்து சேவலை அறுத்தேன். தின்ன மனசில்லை, செல்லாயிக்கே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் யாரிடமும் சொல்லாமல் அவரே மாகறலுக்குப் போயிருக்கிறார். அத்தனை பேர் எதிரில் வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கி, "இந்தக் காலுக்காகத்தான் எங்க அண்ணன் பையன் சேவலுக்கு எம் பேரை வெச்சான். பொண்ணு மேல ஒரு குத்தமும் கெடையாது" என்று சொன்னாராம். மாப்பிள்ளையின் அம்மா இதை என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வைகாசியில் நாள் குறித்தாகிவிட்டது.

பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்டது. சித்தப்பா பேரில்தான் அழைக்கிறோம். உன் பேர் அதில் இல்லை. பிள்ளையை விட்டுடாதீங்க, அவன் பேரும் இருக்கட்டும் என்று அவர்தான் கெஞ்சினார், முடியாது என்றது நான். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அது வந்து சேராமல் நீ கல்யாணத்துக்கு வந்து நிற்காதே. வயிற்றுவலி மாத்திரையை நிறுத்தாதே. ஆண்டவன் உனக்கு ஆயுசையும் அதற்கேற்ற புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
தாயாரம்மாள்