தடை வரும்முன் வாங்குங்கள்

ஜனவரி 14

அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை விற்கக்கூடாது என்று மாநிலச் சட்டசபையில் மசோதா வைத்திருக்கிறார்கள். நேற்றுவரை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். இன்று திறக்கும் முன்பே பனியில் வரிசை நிற்கிறது. முதலாளி டுவைட்டுக்கு வாயெல்லாம் பல். என் கையெழுத்து அழகு என்று ஜன்னல் பலகையை என்னிடம் தள்ளிவிட்டார். 'தடை வரும்முன் வாங்குங்கள்' என்று பெரிதாக எழுதினேன். தடை வரட்டும் என்று மனசுக்குள் நினைப்பவள் நான். என்ன பிழைப்பு இது, லோரீன்?

ஜனவரி 17

பல் டாக்டர் வந்தார். துப்பாக்கியைத் தொட்டதே இல்லையாம். பிறகு எதற்கு?

"தேவையில்லதான். நாளைக்கு வேணும்னா கிடைக்காதே!"

பின்னால் நின்றவர் சிரித்தார். "டுவைட், மசோதா கொண்டுவந்த அந்தம்மாவுக்கு கிறிஸ்துமஸுக்கு ஒரு வான்கோழி அனுப்பிவைங்க. உங்களவிட நல்லா விக்கிறாங்க."

ஜனவரி 20

என்னை அழைத்துப்போக வந்த என் கணவன் வெர்ன், வண்டியில் உட்கார்ந்தபடியே பலகையைப் படித்திருக்கிறான். சாப்பிடும்போது சொன்னான்: "எனக்கும் ஒண்ணு எடுத்து வை, லோரி. அப்புறம் கிடைக்காது."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். போன குளிர்காலத்தில் ஒருநாள், சாகத் துணிந்து, மடியில் துப்பாக்கியோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். மறுநாளே வீட்டிலிருந்த துப்பாக்கிகள் எல்லாவற்றையும் என் தம்பி வீட்டுக்கு அனுப்பினோம். இனிமேல் வீட்டுக்குள்ள வேண்டாம்னு சொன்னதே அவன்தானே! ஒரு வருஷமாகப் பேச்சே எடுக்காதவனைக் கேட்க வைத்தது என் கையெழுத்து.

ஜனவரி 21

வேலையை விட்டுடலாமா? விட்டா கடை தர்ற மருத்துவ இன்ஷூரன்ஸ் போச்சு. இன்ஷூரன்ஸ் போனா அவனோட மனநல டாக்டர் போச்சு, மாத்திரை போச்சு. அவனைத் தேத்துற காசே இந்தக் கடையிலதான் வருது. எங்க போய் முட்டிக்கிறது?

ஜனவரி 24

டுவைட்டிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்தார். "சத்தியமா அவனுக்கு நான் விக்க மாட்டேன். ஆனா ஊர்ல நான் ஒருத்தன்தானா கடை வச்சிருக்கேன்?"

ஜனவரி 27

"எடுத்து வச்சியா?" என்று வெர்ன் கேட்டான்.

"சரக்கு தீர்ந்துபோச்சு."

பொய். பின்னறையில் பெட்டிகள் கூரையைத் தொடுகின்றன.

பிப்ரவரி 3

சனிக்கிழமை வெர்ன் பக்கத்து ஊர்க் கடைக்கே போகிறானாம். வருவதானால் இன்றைக்கே வரட்டும் இந்தத் தடை, இல்லாவிட்டால் ஒழிந்து போகட்டும். வருமா வராதா என்று தொங்கிக்கொண்டிருப்பதுதான் ஆளைப் பிடித்து ஆட்டுகிறது.

பிப்ரவரி 6

மசோதா சட்டசபைக் குழுவிலேயே தோற்றுவிட்டது. மத்தியானத்துக்குமேல் கடையில் ஒருவரும் இல்லை. "இத்தனை பெட்டியையும் யார் தலைல கட்டறது?" என்று டுவைட் புலம்புகிறார்.

வீட்டில் வெர்னிடம் சொன்னேன். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "அப்ப அவசரமில்ல" என்றான்.

அவ்வளவுதான். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நான் கேட்ட தடை செத்ததற்கு நானே சந்தோஷப்படுகிறேன்.

பிப்ரவரி 8

சனிக்கிழமை. மீன் பிடிக்கப் போனான்.

நவம்பர் 19

"அந்தம்மா மசோதாவைத் திரும்பவும் கொண்டுவர்றாங்களாம்!" கடைக்குள் நுழையும்போதே டுவைட் மார்க்கரை நீட்டினார். வாங்கி, ஜன்னல் பலகையில் அதையே மறுபடி எழுதினேன். வேறென்ன செய்ய?

பிறகு வெர்னுக்குப் போன் செய்தேன். "இன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வராத. நடந்தே வந்துடறேன்."

"பனி கொட்டுதே, லோரி."

"பரவால்ல" என்றேன்.