'பா' என்ற கட்டத்தில் நின்றவள்

சிதம்பரத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியிலிருந்து மகள் நேற்று ஒரு வண்ணப் புத்தகம் கொண்டுவந்தாள். முதல் பக்கத்திலேயே பாண்டி ஆடும் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. "புது முறைம்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விட்டேன்.

அறுபதுகளில் கடலூர் முதுநகரின் அந்த ஓட்டுப் பள்ளியில் நாம் இருவரும் ஆசிரியர்கள்; உனக்கு ஒன்றாம் வகுப்பு, எனக்கு இரண்டாம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டிதான். உன் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசுகிறவர்கள். அவர்களை மற்ற ஆசிரியர்கள் மக்கு என்பார்கள், நானும்தான். நீ தரையில் கட்டம் போட்டாய். சில்லு எந்த எழுத்தில் விழுகிறதோ, அதில் தொடங்கும் சொல்லை எந்த மொழியிலும் சொல்லலாம். 'பா'வில் விழுந்தபோது ஒருவன் பால் என்றான். ஒருத்தி தெலுங்கில் பாலு என்றாள். அதுவரை வாயே திறக்காத நூர்ஜஹான், ஒற்றைக் காலில் நின்றபடி "பானி" என்றாள். தண்ணீர். அன்றே அந்த எழுத்தை எழுதியும் காட்டினாள்.

பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், "இது கிளாஸா, சந்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உடனே தலைமையாசிரியர் நூர்ஜஹான் கையிலேயே ஈரத்துணியைக் கொடுத்துக் கட்டங்களைத் துடைக்கவைத்தார். பிறகு என்னிடம் ஒரு தாளை நீட்டினார். உன்னால் என் வகுப்பு கெடுகிறது என்று எழுதியிருந்தது.

"சத்தம் ஜாஸ்தின்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர்? கையெழுத்து போடுங்க."

போட்டேன். ஒரே வாரத்தில் உன்னை ஸ்ரீமுஷ்ணத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

பஸ் ஏற்றிவிட வந்து அழுதேன். "எங்கிட்ட அழுவாத. அந்தப் பொண்ணு அன்னியிலேருந்து வர்ல. அவ வூட்டுக்குப் போ" என்றாய்.

போனேன். பண்ருட்டியில் மாமா வீட்டுக்கு முந்திரி உடைக்க அனுப்பிவிட்டார்களாம். "தரை தொடைக்கறதுக்கு அவ எதுக்கு அங்க வரணும்?" என்றார் அவள் அம்மா.

மறுநாள் என் வகுப்பில் கட்டம் போட்டேன். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். "என்மேலயும் எழுதி அனுப்புங்க சார்" என்றேன். திரும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை உனக்காக முன்பே சொல்லியிருக்கலாம்.

சாகும்வரை நீ என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அதுதான் சரி. இன்றும் யாராவது ஒரு குழந்தையைப் பார்த்து, "இதுக்குத் தமிழ் வராது" என்றால் சண்டைக்குப் போய்விடுகிறேன். வயதாகிவிட்டது என்கிறாள் மகள். வயதில்லை, கோபம்.