உக்கடம் குளத்தில் கடற்காற்று

நம் அலுவலகத்தில் இன்று ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. மின்விசிறியின் வேகக் குமிழை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திருப்புவது என்று. நிர்வாகக் குழு முழுமையாகக் கூடி, நெடுநேரம் யோசித்து, எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. நீங்கள் போன பிறகு குழுவில் நான் மட்டும்தான்.

விசிறி வேகமெடுத்ததும் இறக்கைகளில் படிந்திருந்த தூசியெல்லாம் மேசைமேல் கொட்டியது. அந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நீங்கள் சோமனூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். பஞ்சு பறக்கும் என்று உங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் விசிறியே போடமாட்டார்களாம். அந்தப் பழக்கத்தோடு வந்து, நாம் சேர்ந்து நடத்திய காற்று ஆய்வு அலுவலகத்தில் விசிறியை ஒன்றுக்கு மேல் விடமாட்டேன் என்றீர்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன். "வேணும்னா வெளிய போய் நின்னுட்டு வாங்க. பாலக்காட்டுக் காத்து சும்மாத்தான் வருது" என்றீர்கள். ஒரே வயதுக்காரர்கள் நாம். ஆனாலும் எந்தச் சண்டையிலும் நம் இருவர் வாயிலிருந்தும் அந்த 'ங்க' கழன்று விழுந்ததில்லை.

நம் தொழிலை உறவினர்களுக்கு விளக்க முடிந்ததே இல்லை. கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் எவ்வளவு காற்றடிக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்றால், கைரேகை பார்ப்பவர்களே நம்மைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

அப்படியும் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பவுண்டரி முதலாளி. கடலில் காற்றாலைகள் வந்தால் அவற்றுக்கான இரும்பு வார்ப்புகளைச் செய்ய ஆலையைப் பெரிதாக்கலாம். அதற்கு முன் கடலில் காற்று இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அந்த ஒரு வேலையை நம்பித்தான் அப்போது நம் அலுவலகம் திறந்திருந்தது.

நீங்கள் அவரை உக்கடம் குளக்கரைக்கு அழைத்துப் போனீர்கள்.

"ஏனுங்க அம்மணி, கடல் காத்தப் பத்திக் கேட்டா மீன் வறுக்கற எடத்துக்குக் கூட்டியாந்துட்டீங்க?"

"தண்ணியப் பாருங்க. காத்துப் படாத எடம் கண்ணாடியாட்டம் இருக்குது. பட்ட எடம் சுருங்கியிருக்குது. செயற்கைக்கோளு பாக்கறது இந்தச் சுருக்கத்தத்தானுங்க. அத வெச்சு, தண்ணிக்குக் கொஞ்சம் மேல காத்து எவ்வளவுன்னு கணக்குப் போடறோம். காத்தாடி நிக்கற ஒசரத்துக்கு அப்பறம் நாமதான் கூட்டிச் சொல்லோணும்."

அவர் முகம் மலர்ந்தது. உடுமலைப் பக்கம் அவருக்குச் சொந்தக் காற்றாலைகள் இருந்தன. "கூட்டறது எனக்கு உட்டுருங்க. எங்க தோட்டத்துல கீழ தென்னமட்ட அசையாது. மேல காத்தாடி பேயாச் சுத்தும். அதே கணக்கக் கடலுக்கும் போடுங்க. மரமே இல்லாத எடம், இன்னும் சேத்தியே போடலாம்!"

"அதனாலதானுங்க கொறையுது" என்றீர்கள். "உங்க தோட்டத்துல மரமும் ஊடும் கீழ காத்தப் புடிச்சு வெக்குது. மேல போகப் போக அது தப்பிச்சு ஓடுது. கடல்ல புடிக்க ஆளே இல்ல. கீழயே ஓடற ஓட்டத்துல ஓடிருது. மேல கூட்டிக் காட்ட மிச்சம் கொஞ்சந்தானுங்க."

"காத்துலயுங் கஞ்சத்தனம் பண்ணுவீங்களா அம்மணி?"

"கொறச்சாலும் அது நல்ல காத்துங்க. காத்தாடி சுத்தும்."

அவர் மீனை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். உங்கள் அறிக்கையில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, வேலையை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்தார். அவர்கள் உடுமலையைக் கடலில் கொண்டுபோய் நட்டு, அவர் விரும்பிய எண்ணைக் கொடுத்தார்கள். உங்கள் எண்ணைச் சற்று ஏற்றியிருந்தால் என்ன என்று நான் கேட்டேன். "ஏத்தலாமுங்க. கடல்ல போய் யாரு ஏத்தறது?" என்றீர்கள். அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் படுத்தீர்கள். எழவில்லை.

இன்று நண்பகல் அவர் வந்தார். விசிறி முடிவுக்குக் காரணம் அவர்தான்; வியர்வைக்காரர். கடலில் மிதக்கவிட்ட கருவியொன்று லேசர் கதிரால் மேல்காற்றை அளந்து கரை சேர்ந்திருக்கிறது. அந்த நிறுவனம் கொடுத்த பெரிய எண் அதோடு ஒத்துப்போகவில்லை. உங்களுடையது ஒத்துப்போகிறது.

"அந்தம்மா கணக்கே இருக்கட்டுமுங்க. அதுக்கே நல்லாச் சுத்துமாம். புதுக் கூடத்துக்குக் கடக்கால் தோண்டச் சொல்லிப்போட்டேன். மிச்சக் கடலயும் நீங்களே பாத்துக் குடுத்துருங்க" என்றார். பிறகு உங்கள் காலி நாற்காலியைப் பார்த்து, "அடுத்த தடவ நாந்தான் மீன் வாங்கித் தாரேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருந்தேனுங்க" என்றார்.

யார் பெரிய எண்ணைச் சொன்னாலும், எந்த உயரத்தில் அளந்தது என்று கேட்கும் வழக்கம் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்கிறவர்களிடமும் கேட்டுவிடுகிறேன். கல்யாண அழைப்புகள் குறைந்துவிட்டன.

உங்கள் அறிக்கையை எடுத்து அவர் முன் விரித்தேன். தாள்கள் அறையெங்கும் பறந்தன. இருவரும் குனிந்து பொறுக்கினோம். விசிறி இப்போது ஒன்றில் ஓடுகிறது.