நொச்சி எண்ணெய் மணம்

வெள்ளவத்தை
12.07.1998

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா மருந்தை ஒழுங்காக எடுக்கிறாவா?

பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் மிருகக் கிளினிக்கிற்குக் கொண்டுவந்த மோப்ப நாய் றோஜரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அவனுடைய பின்காலுக்கு ஊசியும் குளிசையும் போதவில்லை. உங்கள் நொச்சி எண்ணெயையும் சேர்த்துத் தேய்த்தேன். தேய்க்கும்போது அசையாமல் என் பக்கத்தில் குந்தியிருக்கப் பழக்கினேன். நன்றாக நடந்து, வேலைக்குத் திரும்பினான்.

செவ்வாய்க்கிழமை காலி வீதிச் சோதனைச் சாவடியில் என் கைப்பையை மோந்து பார்த்தான். உள்ளே உங்கள் எண்ணெய்ப் போத்தல். வாலை ஆட்டியபடி என் காலடியில் குந்திவிட்டான். குண்டைக் கண்டாலும் அவன் அப்படித்தான் குந்திக் காட்டுவான். சனமெல்லாம் விலகி ஓடியது.

பொலிஸ் நிலையத்தில் மரியாதையாகத்தான் விசாரித்தார்கள்.

"நாய் பொய் சொல்றது இல்லைதானே, நோனா?"

"இல்லை, மாத்தயா. அவனுக்கு என்னைத் தெரியும்."

அவனைக் கொண்டுவந்த பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. மறுநாள் கிளினிக் முதலாளி வந்து கதைத்த பிறகு விட்டார்கள். யோசிக்க வேண்டாம்.

இனி எண்ணெய் அனுப்பாதீர்கள். பொலிஸில் காட்ட என் பிறப்புப் பத்திரத்தின் பிரதியை அனுப்புங்கள். அம்மாவையும் தன் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

பிழையாகக் காட்டினான் என்று றோஜரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரும் ஓடியபோது என் பக்கத்தில் இருந்தவன் அவன்தான், ஐயா.

கடிதம் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
தவமலர்